ஊழியப் பயணம் முடிந்து வீடு திரும்புவோருக்கு

மெர்சி ஷிப்ஸ் மருத்துவமனைக் கப்பல் போன்ற ஊழியங்களுக்காக ஆப்பிரிக்காவுக்குத் தன்னார்வலராகச் செல்லும் சிங்கப்பூர்த் தமிழ்க் கிறிஸ்தவர்கள், புறப்படும்போது காட்டும் கவனத்தைத் திரும்பி வரும்போது காட்டுவதில்லை. மஞ்சள் காய்ச்சல் பரவும் நாட்டில் இருந்துவிட்டு 6 நாட்களுக்குள் சிங்கப்பூருக்குள் நுழைபவர் தடுப்பூசிச் சான்றிதழைக் காட்ட வேண்டும். ஊசி போட்டு 10 நாட்கள் கழிந்த பிறகே அது செல்லும் என்பதால், கடைசி நேரத்தில் மருந்தகத்துக்கு ஓடுவதில் பயனில்லை. ஊர் வந்து சில மாதங்கள் கழித்துக் காய்ச்சல் கண்டாலும், இங்கே டெங்கிதான் முதலில் நினைவுக்கு வரும் என்பதால், சென்ற நாட்டின் பெயரை நீங்களே மருத்துவரிடம் சொல்லி மலேரியாப் பரிசோதனை கேளுங்கள்.

உடல் வந்து சேர்ந்தாலும் மனம் வந்து சேரச் சில வாரங்கள் ஆகும். உணவங்காடி நிலையத்தில் பாதி உண்டு விட்ட தட்டுகளைக் கண்டால் கோபம் வரும். அதை வீட்டாரிடம் பிரசங்கமாகக் கொட்டாமல் (நான் கொட்டினேன், அம்மா ஒரு வாரம் பேசவில்லை) நாட்குறிப்பில் எழுதி, உடன் சென்ற ஒருவரோடு அவ்வப்போது பேசுங்கள். சபையில் சாட்சி சொல்ல உடனே அழைத்தால் ஒரு மாதம் தவணை கேளுங்கள். அப்போதும் நோயாளிகளின் படங்களை அவர்கள் சம்மதமின்றித் திரையில் காட்டாதீர்கள்.