கப்பல் நிலைப்புக் கணக்கு எங்கே தப்புகிறது?

ஒகேனக்கல்லில் பரிசல் ஏறியதும், "யாரும் எந்திரிக்காதீங்க" என்பார் பரிசல்காரர். பாரத்தின் மையம் மேலே போனால் ஆபத்து. கப்பல் கவிழாமல் நிற்குமா என்று கணக்கிடும் நிலைப்பு மென்பொருள் பார்ப்பதும் அதைத்தான். தருமபுரியில் என்னிடம் இந்த வேலை பழகும் பிள்ளைகள், "சாஃப்ட்வேர் தப்பா காட்டுது சார்" என்று வருவார்கள். திறந்து பார்த்தால் பெரும்பாலும் நாம் கொடுத்த எண்தான் தப்பாக இருக்கும்.

அதிகம் குழப்புவது பாதி நிரம்பிய டேங்க். தண்ணீர் லாரி வளைவில் திரும்பும்போது உள்ளே அலம்புமே, அதேதான். 12 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலமுள்ள டேங்கில் கடல்நீர் பாதி இருக்கிறது, கப்பலின் மொத்த எடை 5000 டன் என்று வையுங்கள். அகலத்தை மும்முறை போட்டுப் பெருக்கி (10 × 10 × 10), நீளத்தால் பெருக்கி, 12-ஆல் வகுத்தால் 1000. கடல்நீரின் அடர்த்தி 1.025-ஆல் பெருக்கி 5000-ஆல் வகுத்தால், ஜிஎம், அதாவது சாய்ந்த கப்பல் நிமிரும் திறனைக் காட்டும் உயரம், சுமார் 0.205 மீட்டர் குறைகிறது. சர்வதேச விதி பொதுவாகக் கேட்கும் குறைந்தபட்ச ஜிஎம்மே 0.15 மீட்டர்தான்! அகலத்தை இரண்டாகப் பிரிக்கிற மாதிரி நடுவில் நீளவாட்டில் ஒரு தடுப்பு வைத்தால் இழப்பு கால் பங்காகிவிடும். ஆக, அடியில் இருக்கும் டேங்கில் தண்ணீர் ஏற்றியும் ஜிஎம் இறங்குகிறதே என்று பதறாதீர்கள். மென்பொருள் சரியாகத்தான் சொல்கிறது.

கப்பல் மூக்குக் குத்தி நின்றால் நீளவாட்டு அளவு எங்கிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள். பின்முனையிலிருந்து 48 மீட்டர் என்பதை, நடுவிலிருந்து முன்னால் 48 மீட்டர் என்று எடுத்துக்கொண்டிருக்கும். டேங்கின் அடியிலிருந்து அளந்த உயரத்தைக் கீலிலிருந்து, அதாவது கப்பலின் அடித்தண்டிலிருந்து, அளந்ததாகப் போடுவதும் இதே ரகம். எடை மிதப்புக்குப் பொருந்தவில்லையா? கப்பலின் பாதி உடலை மட்டும் மென்பொருளில் வரைந்து, மறுபாதியைச் சேர்க்க மறந்திருக்கலாம்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. விதியில் தேறவில்லை என்று கேஜியை, அதாவது கீலிலிருந்து பாரத்தின் மையம் இருக்கும் உயரத்தை, கொஞ்சம் குறைத்துப் போட்டுச் சரிக்கட்டுவது. அந்தக் கப்பலில் ஆட்கள் போகிறார்கள்.

காரணம் பிடிபடவில்லை என்றால் எல்லாச் சுமையையும் எடுத்துவிட்டு, வெறும் கப்பலை மட்டும் ஓட்டிப் பாருங்கள். அது நிலைப்புக் கையேட்டோடு ஒத்துப்போனால், அப்புறம் டேங்குகளையும் சரக்கையும் ஒவ்வொன்றாகச் சேருங்கள். எதைச் சேர்த்ததும் எண் துள்ளுகிறதோ, அந்த வரியில்தான் தப்பு இருக்கும்.