ரிமோட் டீபக்கிங்கில் ஜிடிபிக்குச் சரியான லைப்ரரியைக் காட்டுவது எப்படி

புரோகிராம் ஓடும் போர்டில் ஜிடிபியின் துணை நிரலான ஜிடிபிசர்வர் ஓடுகிறது, நம் கணினியில் பிழை தேடும் கருவியான ஜிடிபி, கனெக்‌ஷனும் கிடைத்துவிட்டது, ஆனால் பேக்டிரேஸ் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியல்) எடுத்தால் பாதி ஃபிரேம்களில் வெறும் கேள்விக்குறிகள்தான். இதைவிட மோசமானது ஒன்று உண்டு: ஃபங்ஷன் பெயர்கள் எல்லாம் வரும், ஆனால் எதுவும் பொருந்தாது, பிரேக்பாயின்ட் வைத்தது ஓரிடம், நிற்பது வேறிடம். இப்படி நடந்தால் உங்கள் கோடைச் சந்தேகப்படும் முன் லைப்ரரிகளைப் பாருங்கள்.

இன்ஃபோ ஷேர்ட்லைப்ரரி என்று அடித்தால் ஒரு பட்டியல் வரும். அதில் கடைசியாக இருக்கும் ஃபைல் பாதைதான் முக்கியம், அந்த ஃபைலைத்தான் ஜிடிபி படித்திருக்கிறது. சிம்பல் (ஃபங்ஷன், வேரியபிள் பெயர்களும் அவற்றின் முகவரிகளும்) படித்தாயிற்றா என்ற இடத்தில் நோ என்றிருந்தால் சிம்பல் ஏறவே இல்லை, யெஸ் பக்கத்தில் நட்சத்திரம் இருந்தால் ஃபைல் கிடைத்தது, டீபக் தகவல் மட்டும் அதில் இல்லை.

சிக்கல் எங்கே என்றால், போர்டில் ஓடும் புரோகிராம் தன் லைப்ரரிகளுக்குச் சொல்வது போர்டில் உள்ள முழுப் பாதை. சிஸ்ரூட், அதாவது லைப்ரரிகளை எந்த டைரக்டரிக்குள் தேட வேண்டும் என்று ஜிடிபிக்குச் சொல்லும் அமைப்பு, காலியாக இருந்தால் ஜிடிபி அதே பாதையை நம் கணினியிலேயே தேடும். ஆர்ம் போர்டு, எக்ஸ்86 கணினி என்றால் ஆர்க்கிடெக்சர் ஒத்துவரவில்லை என்று எச்சரிக்கையாவது வரும். இரண்டும் எக்ஸ்86 என்றால்தான் ஆபத்து, நம் கணினியின் அடிப்படை சி லைப்ரரியான லிப்சியையே எடுத்துக்கொண்டு போய்விடும். ஜிடிபி 7.10 முதல் சிஸ்ரூட்டின் டிஃபால்ட் மதிப்பே டார்கெட், அதாவது ஃபைல்களை போர்டிலிருந்தே இழுத்துக்கொள்ளும். இது வேலை செய்யும், ஆனால் மெதுவான இணைப்பில் காத்திருந்து அலுத்துவிடும், தவிர போர்டில் இருப்பவை பெரும்பாலும் ஸ்ட்ரிப் செய்யப்பட்டவை, அதாவது சிம்பல்கள் நீக்கப்பட்டவை.

அதனால் ஸ்ட்ரிப் செய்யாத நகல்கள் உள்ள ஒரு டைரக்டரியை நம் கணினியில் வைத்துக்கொண்டு, போர்டோடு இணைக்கும் டார்கெட் ரிமோட் கட்டளையைக் கொடுக்கும் முன்பே செட் சிஸ்ரூட் என்று அதைக் காட்டிவிடுங்கள். போர்டுக்கான லினக்ஸ் சிஸ்டத்தை உருவாக்கும் பில்ட்ரூட் பயன்படுத்துகிறீர்களா, அவுட்புட்டுக்குள் இருக்கும் ஸ்டேஜிங் டைரக்டரியைக் கொடுங்கள், பக்கத்தில் இருக்கும் டார்கெட் டைரக்டரியை அல்ல, அதில் சிம்பல்கள் நீக்கப்பட்டிருக்கும். உங்கள் சொந்த லைப்ரரி மட்டும் வேறு பில்ட் டைரக்டரியில் கிடக்கிறது என்றால் செட் சோலிப்-சர்ச்-பாத் போதும், ஆனால் சிஸ்ரூட்டில் கிடைக்காதபோதுதான் அது தேடப்படும் என்பதை மறக்கக் கூடாது. சிஸ்ரூட்டில் அதே பெயரில் பழைய நகல் இருந்தால் அதுதான் ஏறும்.

பாதை சரியாக இருந்தால் மட்டும் போதாது, அதே பில்டாகவும் இருக்க வேண்டும். பதிப்பு எண்ணை நம்ப வேண்டாம், ஒரே பதிப்பை வேறு ஆப்டிமைசேஷனில் மறுபடி கம்பைல் செய்தாலே முகவரிகள் மாறிவிடும். ஒவ்வொரு பில்டுக்கும் ஃபைலுக்குள் பதியும் அடையாள எண்ணான பில்ட் ஐடியைப் பாருங்கள்: ரீட்எல்ஃப் கட்டளையை நோட்ஸ் ஆப்ஷனோடு போர்டில் உள்ள ஃபைலுக்கும் நகலுக்கும் கொடுத்தால் இரண்டிலும் அந்த நீண்ட எண், வழக்கமாக 40 ஹெக்ஸ் இலக்கம், ஒன்றாக வர வேண்டும். பில்ட் ஐடியை ஸ்ட்ரிப் தொடுவதில்லை என்பதால் ஸ்ட்ரிப் செய்ததையும் செய்யாததையும் தாராளமாக ஒப்பிடலாம். டைனமிக் செக்‌ஷன் எதிர்பார்த்த முகவரியில் இல்லை என்று ஜிடிபி எச்சரித்தால் அதுவும் பெரும்பாலும் இந்தப் பொருத்தமின்மைதான், அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

இன்னொன்று, போர்டின் ரூட் ஃபைல்சிஸ்டத்தை அப்படியே நகலெடுத்தவர்கள் சிம்லிங்க்குகளைக் கட்டாயம் பாருங்கள். ஸ்லாஷில் தொடங்கும் முழுப் பாதையைக் காட்டும் சிம்லிங்க், நகலெடுத்த பிறகு நம் கணினியின் ரூட்டைத்தான் காட்டும், சிஸ்ரூட் சரியாக இருந்தும் தவறான ஃபைல் வருவது இப்படித்தான், அவற்றை ரிலேட்டிவ் லிங்க்காக மாற்றிவிடுங்கள்.

சிஸ்ரூட்டை இணைப்புக்குப் பிறகு மாற்றினாலும் பரவாயில்லை, ஜிடிபி லைப்ரரிகளை மறுபடி ஏற்றிக்கொள்ளும், அப்புறம் இன்ஃபோ ஷேர்ட்லைப்ரரியை இன்னொரு முறை அடித்துப் பாதைகளைச் சரிபாருங்கள்.