கீ பத்திரம், ஆனால் கையெழுத்து? ஹார்டுவேர் வாலட்டை ஆப்களோடு இணைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரிப்டோ பணத்தைக் காக்க ஹார்டுவேர் வாலட் வாங்கியாயிற்று, இனி கவலையில்லை என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அந்தக் குட்டிக் கருவியின் முக்கிய வேலை ஒன்றுதான்: பிரைவேட் கீயை, அதாவது பணத்தை நகர்த்தும் ரகசியச் சாவியை, வெளியே விடாமல் காப்பது. மெட்டாமாஸ்க் போன்ற வாலட் ஆப் ஒரு பரிவர்த்தனையைத் தயாரித்து அனுப்பும், கருவி அந்தக் கீயால் டிஜிட்டல் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தரும். கீ திருடுபோகாது, சரி. எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்பதை யார் பார்ப்பது? நாம்தான்.

முதலில், மன்னிக்கவே முடியாத தவறு. ஆப்பில் 'ஹார்டுவேர் வாலட்டை இணை' என்று ஒரு வழி இருக்கும். பக்கத்திலேயே 'இம்போர்ட்' என்று இன்னொன்றும் இருக்கும். அவசரத்தில் இரண்டாவதை அழுத்தி, கீயை மீட்டெடுக்க உதவும் 24 சீட் வார்த்தைகளையும் கீபோர்டில் தட்டிவிடுகிறார்கள். எல்லாம் வேலை செய்யும், இருப்பும் தெரியும். ஆனால் அந்த நொடியே கீ கம்ப்யூட்டருக்குள் வந்துவிட்டது. கருவிக்குக் கொடுத்த காசு வீண். இணைப்பதற்குச் சீட் வார்த்தைகள் தேவையே இல்லை. கேட்கும் ஆப் போலி. 2023 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலேயே லெட்ஜர் நிறுவன வாலட்டுகளுக்கான லெட்ஜர் லைவ் ஆப்பின் பெயரில் போலி ஒன்று புகுந்து பலரின் பிட்காயினைச் சுருட்டியது. ஸ்டோரில் தேடி எடுக்காமல், கருவியைத் தயாரித்தவர்களின் தளத்துக்கு நேரே போய் இறக்கிக்கொள்ளுங்கள்.

இந்தத் தவறுக்குப் பலரைத் தள்ளுவது பயம். லேப்டாப் மாற்றியபின் வாலட்டை இணைத்தேன். முதல் கணக்கு சரியாக வந்தது, இரண்டாவது கணக்கில் இருப்பு 0. எனக்கு வியர்த்தேவிட்டது. விஷயம் ஒன்றுமில்லை, டெரிவேஷன் பாத் மாறியிருந்தது. ஒரே சீட்டிலிருந்து எந்த வரிசையில் முகவரிகளை உருவாக்குவது என்பதை அதுதான் சொல்கிறது. எத்தீரியம் என்ற கிரிப்டோ வலையமைப்பில் லெட்ஜர் லைவ் முறைப்படி இரண்டாவது கணக்கின் பாதை 44'/60'/1'/0/0. பிப்44 (BIP44) என்ற பொதுத் தரமுறையில் அதுவே 44'/60'/0'/0/1. முதல் கணக்கு இரண்டிலும் ஒன்றுதான். அடுத்ததிலிருந்து வழி பிரிந்துவிடும். இணைக்கும் திரையில் பாதையை மாற்றியதும் காசு இருந்த இடத்திலேயே இருந்தது. இருப்பு 0 என்று கண்டால் பாதையை மாற்றிப் பாருங்கள், சீட் எழுதிய தாளைத் தேடி ஓடாதீர்கள்.

கருவி இணையவே மறுத்தால் காரணம் பெரும்பாலும் சில்லறைதான்: சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள், கருவியில் எத்தீரியம் ஆப்பைத் திறக்காதது, இன்னொரு ஆப் கருவியைப் பிடித்துவைத்திருப்பது.

இனி விஷயத்தின் மையம். கம்ப்யூட்டர் திரையை நம்பக் கூடாது, கருவியின் திரையைத்தான் நம்ப வேண்டும். 2023 டிசம்பர் 14 அன்று, லெட்ஜர் கருவியைத் தளங்களோடு இணைக்கும் கனெக்ட் கிட் என்ற நிரல் தொகுப்புக்குள்ளேயே திருட்டு நிரல் நுழைந்தது. வழக்கமாகப் போகும் நல்ல தளங்களே அன்று சில மணி நேரம் பொறியாக இருந்தன. 2025 பிப்ரவரியில் பைபிட் என்ற கிரிப்டோ பரிமாற்ற நிறுவனம் சுமார் 150 கோடி டாலரை இழந்ததும் இதே மாதிரி ஓட்டை வழியாகத்தான். கையெழுத்திட்டவர்களின் இணையத் திரையில் வழக்கமான பணமாற்றம் தெரிந்தது. கருவிக்குப் போனது வேறு.

கருவியில் பொருள் புரியாத ஹெக்ஸ் எழுத்துகள் (0 முதல் 9, A முதல் F வரை) மட்டும் ஓடும்போது ஒப்புதல் கொடுப்பதற்குப் பெயர்தான் பிளைண்ட் சைனிங். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடுவதும் இதுவும் ஒன்றே. கருவியில் அதை அனுமதிக்கும் அமைப்பை (செட்டிங்) அணைத்தே வைத்திருங்கள். ஏதாவது தளத்துக்குத் தேவைப்பட்டால், பெரிய தொகை இல்லாத தனிக் கணக்கில் மட்டும் செய்யுங்கள். கணக்கு தனியானாலும் அமைப்பு கருவி முழுவதற்கும் பொதுவாக இருக்கலாம், வேலை முடிந்ததும் மறுபடி அணைக்க வேண்டும்.

உங்கள் டோக்கனை, அதாவது கிரிப்டோ நாணயத்தை, எடுக்கத் தளத்துக்குத் தரும் அனுமதியான அப்ரூவல் இன்னொரு வலை. 100 டோக்கனை மாற்றப் போனால் தளம் வரம்பில்லாத அனுமதி கேட்கும். கருவித் திரையில் அது 115792 என்று தொடங்கும் 78 இலக்க எண்ணாகவோ, வரிசையாக எஃப் எழுத்துகளாகவோ வரலாம். அங்கேயே நிறுத்தி, ஆப்பில் தொகையை 100 என்று திருத்திவிட்டு மறுபடி அனுப்புங்கள். பெர்மிட் வகைக் கையெழுத்தில் இன்னும் கவனம் தேவை. பரிவர்த்தனைக்கான கேஸ் கட்டணம் கேட்காது என்பதால் சும்மா உள்நுழைவு என்று எண்ணி ஓகே சொல்லிவிடுகிறோம். அதுவும் டோக்கனை எடுக்கும் அனுமதிதான்.

வேலை முடிந்து 'டிஸ்கனெக்ட்' அழுத்தினால் அனுமதி போய்விடாது. தளத்துக்கு உங்கள் முகவரி தெரியாமல் போகும், அவ்வளவே. அனுமதி பிளாக்செயின் என்ற பொதுப் பதிவேட்டில் அப்படியே கிடக்கும். அதை நீக்கத் தனியாக ஒரு பரிவர்த்தனை அனுப்ப வேண்டும், அதற்கும் கட்டணம் உண்டு. அதற்கு ஒப்புதல் தரும்போதும் கருவித் திரையில் தொகை 0 என்று வருகிறதா பாருங்கள். அனுமதி நீக்கும் தளங்களுக்கும் போலிகள் உண்டு.