இதயத் தமனி வழியே மஜ்ஜைச் செல்களைச் செலுத்தும் முறை

மாரடைப்பு வந்தவரின் சொந்த எலும்பு மஜ்ஜைச் செல்களைத் தமனி வழியே இதயத்துக்கு அனுப்புவதற்கு, 2006-ல் வெளியான ரிப்பேர்-ஏஎம்ஐ ஆய்வின் செய்முறையை இங்கே எடுத்துக்கொள்கிறோம். இந்தியாவில் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நெறிமுறைப்படி இதை அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வுக்குள் மட்டுமே செய்யலாம்.

அடைப்பைத் திறந்து ஸ்டென்ட் வைத்த 3 முதல் 7 நாளுக்குள் செலுத்தினார்கள். 5ஆம் நாளிலோ அதற்குப் பிறகோ செலுத்தியவர்களிடம்தான் பலன் தெரிந்தது, அவசரப்பட வேண்டியதில்லை.

இடுப்பெலும்பு விளிம்பை மரத்துப்போகச் செய்து 50 மி.லி. மஜ்ஜை எடுக்கவும். ஒரே இடத்தில் இழுத்துக்கொண்டே இருந்தால் சிரிஞ்சில் வெறும் ரத்தம்தான் ஏறும். ஊசியை இடம் மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சவும். செல்களை அடர்த்திப்படி பிரிக்கும் ஃபைகால் கரைசல் மேல் ஊற்றி, மையவிலக்குக் கருவியில் சுழற்றியதும் நடுவே மங்கலான வெள்ளைப் படலம் நிற்கும். தேவையானது அது மட்டுமே. அதைப் பலமுறை கழுவுங்கள்: சிவப்பணுக்கள் மிஞ்சினால் செல்கள் சோர்ந்துவிடும், ஹெப்பரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) மிஞ்சினால் காயம்பட்ட தசையைத் தேடிப்போகும் திறன் மழுங்கும். கடைசியில் கையில் இருக்க வேண்டியது 10 மி.லி.

கேத் லேபில் (இதயக் குழாய்ச் சிகிச்சை அறை) ஓவர்-த-வயர் பலூனை (மெல்லிய கம்பி மேல் ஏற்றிச் செலுத்தும் பலூன் குழாய்) ஸ்டென்ட்டுக்குள்ளேயே நிறுத்தவும். ஸ்டென்ட்டைத் தாண்டிப் போனால் தமனிச் சுவர் கிழியலாம். வயரை உருவியதும் அது இருந்த குழாயில் காற்று புகும். சலைனால் வெளியேற்றாமல் செல்களை ஏற்றவே கூடாது. பலூனைக் குறைந்த அழுத்தத்தில் ஊதி, ஓட்டம் நின்றதைச் சாயம் விட்டு உறுதிசெய்த பின் 3.3 மி.லி. செலுத்தவும். 3 நிமிடம் அடைப்பு, 3 நிமிடம் ஓட்டம். இப்படி மூன்று முறை. ஒவ்வொரு முறையும் சிரிஞ்சை மெதுவாகத் தலைகீழாக்குங்கள், இல்லாவிட்டால் செல்கள் அடியில் படிந்து கட்டிதட்டும். அடைப்பின்போது நெஞ்சுவலியும் இசிஜி மாற்றமும் எதிர்பார்த்ததுதான். துடிப்பு தடுமாறினாலோ ரத்த அழுத்தம் சரிந்தாலோ உடனே பலூனைச் சுருக்கிவிட வேண்டும்.

இதே வழியில் மீசன்கைமல் செல்களை (ஒரு வகைத் தண்டு செல்கள்) செலுத்தத் துணியாதீர்கள். அவை தந்துகியைவிட (மிக நுண்ணிய ரத்தக் குழாய்) பெரியவை. 2004-ல் நாய்களில் செலுத்தியபோது நுண்குழாய்கள் அடைபட்டுச் சிறுசிறு மாரடைப்புகள் ஏற்பட்டன. அவற்றை இதயத்தின் உள்சுவர் வழியே தசைக்குள் ஊசியால் போடுவதே வழக்கம். அங்கே ஆபத்து வேறு: மெலிந்த சுவரில் குத்தினால் துளை விழுந்து, இதயத்தைச் சுற்றி ரத்தம் தேங்கும்.

பலூனால் அடைத்தும்கூட, ஒரு மணி நேரம் கழித்து இதயத்தில் தங்கியவை 3 சதவீதத்துக்கும் குறைவு என்று 2005-ல் அளந்திருக்கிறார்கள். ரிப்பேர்-ஏஎம்ஐயில் 4 மாதத்தில் இதயம் ரத்தத்தை வெளித்தள்ளும் விகிதம் செல் பெற்றவர்களுக்கு 5.5 சதவீதப் புள்ளியும், மற்றவர்களுக்கு 3.0 புள்ளியும் உயர்ந்தது. நோயாளியிடம் ஒப்புதல் வாங்கும்போது இந்த எண்களையே சொல்லுங்கள்.