பிஸ்மத்தை ஈயச்சொம்பில் உருக்காதீர்கள், அப்புறம் இன்னும் சில

அக்கா மகன் ஆன்லைனில் அரைக் கிலோ பிஸ்மத் என்ற உலோகத்தை வாங்கிவிட்டான். காலேஜில் கெமிஸ்ட்ரி முதல் வருடம். வீடியோவில் பார்த்த அந்த வானவில் படிக்கட்டுப் படிகத்தைக் காரைக்குடியில் எங்கள் வீட்டு இரண்டாம் கட்டு முற்றத்தில் வளர்க்கப் போகிறானாம். உருக்கப் பாத்திரம் தேடி அவன் எடுத்து வந்தது எங்கள் ஆயாவின் ஈயச்சொம்பு. "மாமா, இதுதான் கைக்கு அடக்கமா இருக்கு" என்கிறான். நல்லவேளை, அடுப்பில் ஏறுவதற்குள் பார்த்துவிட்டேன்.

ஈயச்சொம்பு என்று சொல்கிறோமே தவிர அது வெள்ளீயம் (டின்). 232 டிகிரியிலேயே உருகிவிடும். பிஸ்மத் உருக 271 டிகிரி வேண்டும். ரசம் வைக்கும்போது சொம்பு தப்பிப்பது உள்ளே தண்ணீர் இருப்பதால்தான். வெறும் சொம்பை அடுப்பில் மறந்தவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். இதில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. பிஸ்மத் 58 பங்கு, வெள்ளீயம் 42 பங்கு சேர்ந்தால் அந்தக் கலவை 138 டிகிரியிலேயே உருகும், அதாவது இரண்டும் ஒன்றையொன்று கரைத்து இழுத்துக்கொண்டு போய்விடும். ஈயம் பூசிய பழைய பித்தளைப் பாத்திரமும் இதே காரணத்தால் வேண்டாம். ஒரு எவர்சில்வர் கிண்ணம் போதும், ஆனால் அதற்கப்புறம் அதில் சமைக்கக் கூடாது. கிண்ணத்திலும் கரண்டியிலும் ஒரு சொட்டு ஈரம்கூட இருக்க வேண்டாம். உருகிய உலோகத்துக்கு அடியில் தண்ணீர் மாட்டினால் ஆவியாகி வெடித்து முகத்தில் தெறிக்கும்.

பிஸ்மத்தை அக்கம்பக்கத்து உலோகமாக நினைத்துக்கொள்வது புதுப் பழக்கமில்லை. 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியர் அக்ரிகோலா இதைச் 'சாம்பல் ஈயம்' என்று எழுதினார். நம்மிடம் காரீயம் (லெட்), வெள்ளீயம் என்று இருப்பதுபோல லத்தீனிலும் கறுப்பு ஈயம், வெள்ளை ஈயம் என்ற பெயர்கள் இருந்தன, இது மூன்றாவதாகச் சேர்ந்துகொண்டது. சாக்சனிச் சுரங்கக்காரர்களோ வெள்ளி கிடைக்கும் இடத்துக்கு மேலே இதைப் பார்த்துவிட்டு 'வெள்ளியின் கூரை' என்றார்கள், இன்னும் பழுக்காத வெள்ளி என்றே சிலர் நம்பினார்கள். இது ஈயமும் இல்லை வெள்ளீயமும் இல்லை, தனி உலோகம் என்று 1753இல் காட்டியவர் பிரான்ஸின் கிளாட் பிரான்சுவா ஜெஃப்ராய்.

சரி, வாங்கியது பிஸ்மத்தானா? ஒரு துண்டைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். உருகினால் அது தனி பிஸ்மத் இல்லை, கலப்பு உலோகம். வுட்ஸ் மெட்டல் என்று ஒன்று உண்டு, பாதி பிஸ்மத், கால் பங்கு காரீயம், மீதி வெள்ளீயமும் காட்மியமும். 70 டிகிரியிலேயே உருகும். தீயணைப்புத் தெளிப்பான்களில் சூடு பட்டதும் உருகி வழிவிடுவது இந்த மாதிரிக் கலவைதான். அங்கே நல்ல வேலை செய்கிறது, ஆனால் காரீயமும் காட்மியமும் இருப்பதை வீட்டு அடுப்பில் ஏற்றுவது சரியில்லை.

உருக்கிய பிறகு எல்லோரும் செய்யும் தவறு, முழுவதும் இறுகட்டும் என்று விட்டுவிடுவது. எங்கள் பையனும் அதைத்தான் செய்தான், கிடைத்தது நடுவில் புடைத்த ஒரு கட்டி. பிஸ்மத் தண்ணீர் மாதிரி, இறுகும்போது சுருங்காமல் மூன்று சதவீதத்துக்குச் சற்று மேலே விரியும் (இதனால்தான் கண்ணாடிச் சோதனைக் குழாயில் இறுகவிட்டால் குழாய் விரிசல் விடுகிறது). மெதுவாக ஆறவிட்டு, மேலே ஆடை கட்டத் தொடங்கியதும் உள்ளே மிச்சமிருக்கும் திரவத்தை வேறு கிண்ணத்தில் கொட்டிவிட வேண்டும். அப்போது கிண்ணத்தின் சுவரில் ஒட்டி நிற்பவைதான் படிக்கட்டுகள். படிகத்தின் ஓரங்கள் முகங்களைவிட வேகமாக வளர்வதால் அந்த வடிவம். சூடு ஆறாத உலோகத்தில் காற்றுப் பட்டு மெல்லிய ஆக்சைடு படலம் படியும், அதன் தடிமனைப் பொறுத்து மஞ்சள், ஊதா, நீலம் என்று நிறம் தெரியும். மழை பெய்த ரோட்டில் எண்ணெய் சிந்தினால் வருமே, அதே வித்தைதான். சாயம் பூசியது என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

ஆனால் 'பூமியிலிருந்து அப்படியே எடுத்த கல்' என்று யாராவது விற்றால் சண்டை போடலாம். இங்கே பழம்பொருள் விற்கும் ஒரு கடையில், தேக்கு மரத்தோடு பர்மாவிலிருந்து வந்த அதிசயக் கல் என்று எனக்கே ஒன்றைக் காட்டினார்கள். இயற்கையில் தனி உலோகமாகக் கிடைக்கும் பிஸ்மத்துக்கு இந்த அலங்காரம் கிடையாது. வெள்ளி நிறத்தில் லேசாக ரோஸ் ஓடியிருக்கும், பெரும்பாலும் பாறைப் பிளவுகளில் கோபால்ட், நிக்கல், வெள்ளி, வெள்ளீயத் தாதுக்களோடு சிறு துணுக்குகளாக இருக்கும். முக்கியக் கனிமம் பிஸ்மத்தினைட், அதாவது பிஸ்மத் சல்ஃபைடு. ஈயச் சாம்பல் நிறத்தில் ஊசி ஊசியாக இருப்பதால் அஞ்சனக்கல்லோடு (ஆன்டிமனி சல்ஃபைடு) குழம்புவது சகஜம், படிக அமைப்பும் ஒன்றேதான். கையில் தூக்கினால் வித்தியாசம் தெரியும். பிஸ்மத்தினைட்டின் அடர்த்தி சுமார் 6.8, அஞ்சனக்கல் 4.6தான்.

நம் பக்கத்துச் செம்பூறாங்கல்லைக் குடைந்து இதைத் தேட வேண்டாம். சிவகங்கைப் பக்கம் சாம்பலாக மினுக்கும் கல் கிடைத்தால் அது கிராஃபைட்டாகத்தான் இருக்கும். விரலில் கறுப்பாக ஒட்டும், கனமே இருக்காது. (அதையும் சிலர் காரீயம் என்பார்கள், குழப்பத்துக்கு நம் பங்கு.) உலகத்திலேயே பிஸ்மத்துக்கென்று தோண்டிய சுரங்கங்கள் குறைவு, பொலிவியாவின் தாஸ்னா அப்படி ஒன்று. பெரும்பாலும் காரீயம், டங்ஸ்டன் போன்றவற்றைச் சுத்திகரிக்கும்போது உபரியாக வருகிறது, அதிலும் சீனாதான் முன்னணி. காரீயத்தை மின்பகுப்பில் சுத்தம் செய்தால் நேர்மின்வாயில் ஒரு சகதி மிஞ்சும், பிஸ்மத் அதில் இருக்கும். 1953 முதல் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) இருக்கும் எங்கள் ஊரில் மின்பகுப்பைப் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

லேப் மாணவர்களுக்கு ஒன்று. பிஸ்மத் நைட்ரேட்டை வெறும் தண்ணீரில் போட்டதும் பால் மாதிரி வெளுக்கும், உடனே உப்பு கெட்டுப்போச்சு என்று கொட்டிவிடுவார்கள். கெடவில்லை, நீராற்பகுப்பு நடக்கிறது, அதாவது தண்ணீரே உப்போடு வினைபுரிந்து கரையாத வேறு சேர்மமாக மாற்றுகிறது. முதலில் நீர்த்த நைட்ரிக் அமிலம், அப்புறம் தண்ணீர். குளோரைடிலும் இதே கதைதான், ஆக்ஸிகுளோரைடு வெள்ளையாக இறங்கும்; நெயில் பாலிஷில் முத்து மினுமினுப்புக்குச் சேர்ப்பதும் அதையே. அதே போல, பாஸ்பரஸ் குடும்பம்தானே என்று ஆக்சிஜனேற்ற எண்ணை +5 என்று எழுதாதீர்கள். மந்த இணை விளைவால் (வெளிச்சுற்றின் இரண்டு எலக்ட்ரான்கள் பிணைப்பில் சேராமல் ஒதுங்கி நிற்பதால்) இதற்கு +3தான் சௌகரியம். +5இல் நிற்கும் சோடியம் பிஸ்மத்தேட் எப்படியாவது எலக்ட்ரானைப் பிடுங்கப் பார்க்கும், மாங்கனீஸ் உப்பையே ஊதா நிறப் பெர்மாங்கனேட் ஆக்கிவிடும்.

கதிரியக்கம் என்று பயப்படுவதும் வேண்டாம், நிலையான தனிமம் என்று பரீட்சையில் எழுதுவதும் வேண்டாம். பிஸ்மத் 209 ஆல்பா துகளை விட்டு தாலியம் ஆகிறது என்று 2003இல் பிரான்ஸில் கண்டுபிடித்தார்கள். அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், 2 போட்டு அதன் பின்னால் 19 பூஜ்ஜியம், அத்தனை ஆண்டுகள். பிரபஞ்சத்தின் வயதைப் போல நூறு கோடி மடங்குக்கும் மேல். உங்கள் அடுப்படி கிரானைட் மேடையிலிருந்து வருவது இதைவிட அதிகம்.

கடைசியாக, விஷமில்லை என்ற சான்றிதழ். ஆர்சனிக், ஆன்டிமனி, காரீயத்துக்கு நடுவில் பிறந்தும் இது சாது, பெரும்பாலான சேர்மங்கள் உடம்பில் எளிதில் கரையாது. அதை நம்பி 1970களில் பிரான்ஸில் பிஸ்மத் மருந்தை மாதக்கணக்கில் விழுங்கியவர்களுக்கு மூளைப் பாதிப்பு வந்தது. வயிற்றுப்புண்ணுக்கு டாக்டர் எழுதித் தரும் பிஸ்மத் மருந்தைச் சொன்ன நாளோடு நிறுத்திவிடுங்கள். அது சாப்பிடும் நாட்களில் நாக்கும் மலமும் கறுத்தால் பதற வேண்டாம், உடம்பிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து உண்டாகும் பிஸ்மத் சல்ஃபைடு அது, மேலே சொன்ன அதே கனிமச் சேர்மம். ஆனால் மலம் கறுப்பதற்கு வயிற்றுக்குள் ரத்தக் கசிவும் காரணமாக இருக்கலாம், மாத்திரை நின்ற பிறகும் கறுப்பு தொடர்ந்தாலோ தலைசுற்றல் வந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போங்கள், என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.