லண்டனுக்குப் பிள்ளையோடு போகிற எங்கட ஊர்ப் பெற்றோருக்கு: ‘எஃப்’ பிரிவை வாசியுங்கள்

இதை ஆரையம்பதியில், அம்மா வீட்டு விறாந்தையில் இருந்து எழுதுகிறேன். பள்ளி விடுமுறைக்கு வந்திருக்கிறோம். என் மகனுக்கு 9 வயது, ஓட்டிசம். எங்கட பக்கத்தில் அக்கா, தங்கச்சி வீடுகள் அடுத்தடுத்த வளவுகளில்தானே. பிள்ளைக்கு விளையாடத் துணை தேட வேண்டியதில்லை, விடிந்தால் வாசலில் நிற்கும். லண்டனில் அந்தத் துணையைக் கடுதாசியில் எழுதி வாங்க வேண்டும். அது தெரியாமல் ஒரு வருடத்தை இழந்தேன்.

அலுவலக வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கிலாந்தில் மேலதிக உதவி தேவையான பிள்ளைக்கு ‘ஈ.எச்.சி. பிளான்’ என்ற கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டம் உண்டு. பள்ளிக்கூடம் கேட்கும் என்று காத்திருக்காதீர்கள், பெற்றோரே கவுன்சிலுக்கு, அதாவது அங்கத்தைய உள்ளூராட்சிச் சபைக்கு, எழுதலாம். வைத்தியரின் முடிவு கையில் இருக்க வேண்டும் என்றும் இல்லை. மதிப்பீடு செய்வார்களா என்று 6 கிழமைக்குள் பதில் வர வேண்டும், திட்டம் 20 கிழமைக்குள் எழுதி முடிய வேண்டும். விசாவில் பொது நிதி இல்லை, அதாவது அரச உதவிப் பணம் எடுக்க முடியாது, என்று இருந்தாலும் பயப்பட வேண்டாம், பள்ளிப் படிப்பும் இந்தத் திட்டமும் அதற்குள் வராது. மாற்றுத்திறன் கொடுப்பனவு போன்ற உதவிப் பணம் அந்தத் தடைக்குள் வரும், அதற்கு விண்ணப்பிக்க முன் சட்டத்தரணியைக் கேளுங்கள்.

இனி நான் ஏமாந்த இடம். கவுன்சில் முதலில் அனுப்பும் திட்ட வரைவில் எஃப் பிரிவு என்று ஒன்று இருக்கும். பிள்ளைக்கு என்ன கொடுக்கப்படும் என்பது அதில்தான். என் மகனுக்கு, “சமூகத் திறன் குழுக்களில் தேவைக்கேற்பப் பங்கெடுக்க வாய்ப்பளிக்கப்படும்” என்று எழுதியிருந்தார்கள். மற்றப் பிள்ளைகளோடு பழகக் கற்றுக்கொடுக்கும் சிறு குழுக்கள் அவை. வாசித்துச் சந்தோசப்பட்டு ஒப்புக்கொண்டேன். அந்த வருடம் குழு 3 தடவை நடந்தது. நடத்திய ஆசிரியை விலகிப் போனா, அதோடு நின்றுவிட்டது. கேட்டால், “வாய்ப்பு இருந்தது, தேவை தெரியவில்லை” என்றார்கள். எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

ஊரில் அதிபர், “நாங்க பாத்துக்கொள்றம், யோசிக்காதீங்க” என்றால் அது போதும். எழுதித் தாங்க என்று கேட்பது அவமரியாதை போல இருக்கும். அங்கே அப்படி இல்லை. எஃப் பிரிவில் தெளிவாக எழுதியதைக் கவுன்சில் சட்டப்படி கொடுத்தே ஆக வேண்டும். எழுதாததை அப்படிக் கட்டாயப்படுத்திக் கேட்க முடியாது.

வருடாந்த மீளாய்வில் சண்டை பிடித்து மாற்றினேன். இப்போது இப்படி இருக்கிறது: கிழமைக்கு 2 தடவை, ஒவ்வொரு முறையும் 30 நிமிடம், 3 அல்லது 4 பிள்ளைகள், பேச்சுச் சிகிச்சையாளர் வகுத்த திட்டப்படி, பயிற்சி பெற்றவர் நடத்த வேண்டும். வாய்ப்பு, தேவைக்கேற்ப, முடிந்தளவு என்ற சொற்களைக் கண்டால் அடித்துவிட்டு எண்ணைக் கேளுங்கள். வரைவு வந்தால் கருத்துச் சொல்லக் குறைந்தது 15 நாள் தர வேண்டும். ஆங்கிலம் பிடிபடாவிட்டால் ஒவ்வொரு கவுன்சில் பகுதியிலும் இருக்கிற ‘செண்டியாஸ்’ என்ற இலவச ஆலோசனைச் சேவையைக் கேளுங்கள்.

இப்போது அவனுடைய குழுவில் லெகோ கட்டுகிறார்கள். ஒரு பிள்ளை படத்தைப் பார்த்துச் சொல்லும், ஒன்று துண்டு எடுத்துக் கொடுக்கும், ஒன்று கட்டும், பிறகு மாறுவார்கள். மற்றவரைக் கேட்காமல் வேலை நடக்காது. “எல்லாரோடும் போய் விளையாடு மகன்” என்று 30 பிள்ளைகளுக்கு நடுவில் விட்டபோது காதைப் பொத்திக்கொண்டு நின்றவன், இந்தக் குழுவில் தன் முறையைக் கேட்டு வாங்குகிறான்.

இன்னொன்று. வீட்டில் தமிழை விட்டுவிடுங்கள் என்று அங்கே ஒருவர் எனக்குச் சொன்னார். விடாதீர்கள். இரண்டு மொழி ஓட்டிசப் பிள்ளையைக் குழப்பாது. தமிழை விட்டிருந்தால் இன்று அம்மம்மாவோடு அவனுக்குப் பேச்சே இருந்திருக்காது.

பின்னேரங்களில் மாமா கோயில் வீதியில் பொடியன்களுக்கு வசந்தன் என்ற கோலாட்டக் கூத்துப் பழக்குகிறார். முதல் மூன்று நாளும் இவன் மதிலோடு ஒட்டி நின்றான். நாலாம் நாள் ஒரே ஒரு பொடியனோடு கோலடிக்க விட்டார். நேற்று ஆறு பேரோடு சுற்றினான், அடி தவறியபோது எதிரில் நின்றவன் கோலை நீட்டிக்கொண்டு காத்திருந்தான். அதைப் போனில் எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த மீளாய்வுக்குக் கொண்டுபோய், ஒருவரிலிருந்து ஆறு பேர் வரை எப்படிப் போனான் என்று காட்டி, அந்தப் படிமுறையையும் எஃப் பிரிவில் எழுதச் சொல்லப் போகிறேன்.