கையில் சென்சர், ஊரில் வெயில்

சீனி வருத்தக்காரர் உடம்பின் சீனி அளவைப் போனில் பார்க்க மேற்கையில் ஒட்டுகிற லிப்ரே சென்சர், கனடாவில் 14 நாளும் அசையாமல் நிற்கும். யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் அது ஐந்தாம் நாளே துவாயோடு கழன்று வந்தது. கிணற்றடியில் குளித்துவிட்டுக் கையை அழுத்தித் துடைத்ததுதான் நான் செய்த வேலை. மிச்சமிருந்த ஒரேயொரு சென்சர் அலுமாரிக்கு மேலே, தகரக் கூரைக்குக் கீழே, வந்த நாள் தொட்டு வெந்துகொண்டு கிடந்தது. அதை ஒட்டினேன். மறுநாளே 'சென்சரை மாற்றவும்' என்று சொல்லிவிட்டது. ஒரே பயணத்தில் இரண்டு சென்சர் காசு போனது.

பெட்டியின் பக்கத்தில் வெப்பமானிப் படத்தோடு இரண்டு எண்கள் இருக்கும். மேல் எல்லை வகைக்கு வகை 25 முதல் 30 பாகை வரை மாறும். ஓகஸ்டில் யாழ்ப்பாணத்து அறை அதைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். ஒட்டாத சென்சரை ஈரம் புகாத பையில் கட்டி, பிறிட்ஜின் கதவுத் தட்டில் வையுங்கள்; உறைபெட்டிக்குப் பக்கத்தில் வேண்டாம். ஒட்டுவதற்கு முன் வெளியே எடுத்து அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். விமானத்திலும் கொழும்பிலிருந்து வரும் இரவு பஸ்ஸிலும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பஸ்ஸின் அடிப்பெட்டி அடுப்பு மாதிரி.

சென்சர் அளப்பது இரத்தத்தில் உள்ள சீனியை அல்ல, தோலுக்கடியில் உள்ள நீரின் சீனியை. இரத்தத்தில் ஏறுவதும் இறங்குவதும் அங்கே தெரிய 5 முதல் 15 நிமிடம் பிந்தும். ஒட்டிய முதல் நாள் கணக்குத் தடுமாறுவதும் வழமை. அதனால் பயணத்துக்கு முதல் நாளே ஒட்டிவிடுவது நல்லது. ஊரில் இறங்கும்போது அது நிதானத்துக்கு வந்திருக்கும்.

எத்தனை கொண்டுபோவது? மாத்திரை மட்டும் எடுப்பவர் மூன்று கிழமைப் பயணத்துக்கு ஒன்றோடு சமாளிக்கலாம் என்பது என் அபிப்பிராயம். சாப்பாடு தலைகீழாக மாறும் முதல் இரண்டு கிழமைக்குத்தான் அது தேவை. பிறகு விரலில் குத்திப் பார்த்தால் போதும். இன்சுலின் போடுபவர் நாட்கணக்குக்கு மேல் குறைந்தது ஒன்றாவது கூட வைத்திருக்க வேண்டும். போகிற வழியில் சென்னையில் இறங்கி வாங்கலாம் என்று நம்பிப் போகாதீர்கள். வேறு நாட்டில் விற்ற சென்சரை உங்கள் போனில் உள்ள அப் ஏற்காமல் போகலாம். கழன்று விழுந்ததை எறியவும் வேண்டாம். தொடர் இலக்கத்தைக் குறித்து, சென்சரையும் பத்திரப்படுத்துங்கள். திரும்பி வந்து நிறுவனத்துக்கு அழைத்தால் மாற்றித் தரவும் கூடும்.

விரலில் குத்திப் பார்க்கிற குளுக்கோமீற்றரும் அதன் ஸ்ரிப்பும் இல்லாமல் விமானம் ஏறவே வேண்டாம். உடம்பு ஒன்று சொல்லி சென்சர் வேறொன்று சொன்னால், விரலை நம்புங்கள். ஆனால் கையைக் கழுவிய பிறகு. கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை உரித்துச் சாப்பிட்ட கையோடு குத்தினேன், மீற்றர் 15.4 என்றது. சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு மறுபடி குத்த 8.9. முதலில் அளந்தது மாம்பழச் சாற்றை! ஒரு நாளில் 500 மில்லிகிராமுக்கு மேல் விற்றமின் சி எடுத்தால் லிப்ரே 2 வகை சென்சர் கூட்டிக் காட்டலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

அடுத்த குழப்பம் அலகு. கனடாவிலும் லண்டனிலும் மில்லிமோல். ஊர் ஆய்வுகூடத் துண்டில் மில்லிகிராம். மில்லிமோலை 18 ஆல் பெருக்கினால் மில்லிகிராம் வரும்: 3.9 என்பது 70, 10 என்பது 180. பெரும்பாலானவர்களுக்கு இந்த இரண்டுக்கும் இடையில் நிற்பதுதான் இலக்கு. என் போனில் 7.2 என்று பார்த்த மச்சான், அதை மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c சோதனையின் வீதம் என்று நினைத்து எனக்குப் புத்திமதி சொல்லத் தொடங்கிவிட்டான்.

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் ஆண்கள் மேற்சட்டை கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். கையில் என்ன என்று பத்துப் பேர் கேட்பார்கள், சொல்லிவிட்டுப் போங்கள். அங்கப்பிரதட்சணம் செய்ய நேர்ந்திருந்தால் கதை வேறு. மணலில் முதலில் உரசுவது மேற்கைதான். வயிற்றுக்கு மாற்றி ஒட்டலாமா என்றால், லிப்ரேயை மேற்கையின் பின்புறத்துக்கென்றே செய்திருக்கிறார்கள். அங்கப்பிரதட்சணத்தை முடித்த பிறகு புதியதை ஒட்டும்படி நாட்களைக் கணக்குப் பண்ணுங்கள். மற்ற நாட்களில், ஒட்டுமுன் அந்த இடத்தில் எண்ணெயும் பவுடரும் படாமல் கழுவிக் காயவிட்டு, சுற்றிவர ஒரு பிளாஸ்ரர் போட்டால் வியர்வைக்கு நிற்கும். துவாயால் ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள்.

சென்சரின் உண்மையான லாபம் காலைச் சாப்பாட்டில்தான் கிடைக்கும். ஒரு நாள் அரிசிமாப் புட்டு, அடுத்த நாள் அதில் பாதியும் கூடக் கடலையும், இன்னொரு நாள் சாப்பிட்டவுடன் ஒழுங்கையில் இருபது நிமிட நடை. இரண்டு மணித்தியாலம் கழித்துப் போனில் சீனி ஏறி இறங்கிய கோட்டைப் பாருங்கள். எனக்கு நடைதான் மிகவும் உதவியது. உங்களுக்கு வேறாக இருக்கலாம்.

இரவில் சீனி இறங்கிவிட்டது என்று அலாரம் அடித்தால் முதலில் எந்தக் கைப்பக்கம் படுத்திருந்தீர்கள் என்று பாருங்கள். சென்சர் அமுங்கினால் பொய்யாக இறங்கிக் காட்டும். ஒரு நாள் மூன்று மணிக்கு என் போன் 3.1 என்று கத்தியது. மாமி ஓடிவந்து சீனி கரைத்த தண்ணியோடு நின்றா. விரலில் குத்தினேன்: 6.1. பாயில் சென்சர் கையை மடித்துப் போட்டுப் படுத்திருந்திருக்கிறேன். கரைத்தது வீணாகக் கூடாது என்று மாமா அதை வாங்கிக் குடித்துவிட்டுப் படுத்தார். அவருக்கும் சீனி வருத்தம்தான்.